ராமதீன் பந்து எந்தப் பக்கம் திரும்பும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழ் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில், மேற்கிந்தியச் சுழற்பந்து வீச்சாளர் சன்னி ராமதீனைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். "ஆஃப் பிரேக்கா, லெக் பிரேக்கா என்று கடைசி வரை தெரியாத பந்து" என்ற ஒரு வரிதான் அதில் விஷயம். (ஆஃப் பிரேக் விழுந்ததும் வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே திரும்பும், லெக் பிரேக் அவரை விட்டு வெளியே திரும்பும்.) அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தொண்டி தொடங்கி ஏர்வாடி வரை கடற்கரை ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. தேர்ந்தெடுத்தவற்றுக்குப் பதில் இங்கே.

பாம்பன் வாசகர்: ராமதீன் என்ற பெயரைப் பார்த்தால் ராமநாதபுரத்துக்காரர் போலிருக்கிறது. "கப்பலேறிப் போன நம்ம பக்கத்து ஆளு" என்று எங்கள் தாத்தா அடித்துச் சொல்வார். உண்மையா?

தாத்தா மன்னிக்கவும், இல்லை. ராமதீன் என்பது உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் சகஜமாகக் காணும் பெயர். 1845 முதல் 1917 வரை டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. அவர்கள் எண்ணிக்கை குறைவு.

ராமதீன் பிறந்தது 1929 மே 1, டிரினிடாடின் தெற்கே எஸ்பெரன்ஸ் அருகில் செயின்ட் சார்லஸ் என்ற கிராமம். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டி கையில் வளர்ந்தவர். பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பையன்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். "சன்னி" கூப்பிட்டுப் பழகிய பெயர். 1950இல் இங்கிலாந்து ஸ்கோர் அட்டைகளில் கே.டி. ராமதீன் என்று வரும். அந்த இரண்டு எழுத்துக்கும் விரிவு தேடி அலைய வேண்டாம். முதலெழுத்து இல்லாத ஆளுக்கு ஒட்டவைத்த எழுத்துகள் அவை. மேற்கிந்திய அணிக்காக டெஸ்ட் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் அவர்தான்.

தாத்தாவைச் சமாதானப்படுத்த வேறு பெயர்கள் இருக்கின்றன. கயானாவிலிருந்து மேற்கிந்திய அணிக்கு ஆடிய மகேந்திர நாகமூட்டு, வீராசாமி பெர்மால். நாகமுத்து, பெருமாள் என்று திருத்தி வாசித்துக் காட்டுங்கள். இருவரும் சுழற்பந்து வீச்சாளர்கள் என்பது கூடுதல் சந்தோஷம்.

கீழக்கரை வாசகி: இங்கிலாந்து போவதற்கு முன் அவர் இரண்டே இரண்டு முதல்தர ஆட்டங்கள்தான் ஆடியிருந்தாராம். "அப்படியெல்லாம் எடுக்க மாட்டார்கள்" என்கிறார் எங்கள் வாப்பா.

எடுத்தார்கள். டிரினிடாடில் எண்ணெய் நிறுவனமான லீஸ்ஹோல்ட்ஸின் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு அதன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர் ராமதீன். 1950 தொடக்கத்தில் ஜமைக்காவுக்கு எதிராக இரண்டு தேர்வு ஆட்டங்கள் நடந்தன. அவற்றில் 12 விக்கெட், சராசரி 19.25. அதைப் பார்த்துக் கப்பலில் இடம் கொடுத்தார்கள்.

வாப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். அதே ஆட்டங்களில் எதிரணியில் வீசிய ஜமைக்காவின் ஆல்ஃப் வாலன்டைன் 190 ரன் கொடுத்து எடுத்தது 2 விக்கெட். அவரையும் கூட்டிப் போனார்கள்! அவருக்கு வயது 20, ராமதீனுக்கு 21. மான்செஸ்டரில் நடந்த முதல் டெஸ்ட்டில் இருவருமே அறிமுகம். இங்கிலாந்தின் முதல் 8 விக்கெட்டையும் வாலன்டைனே எடுத்தார். மேற்கிந்தியா அந்த ஆட்டத்தில் 202 ரன்னில் தோற்றது வேறு கதை. புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து ஆள் எடுத்திருந்தால் வாலன்டைன் ஜமைக்காவிலேயே இருந்திருப்பார். அணித் தலைவர் ஜான் காடர்ட் பந்து எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார்.

தேவிபட்டினம் வாசகர்: 1950 லார்ட்ஸ் டெஸ்ட்டின் முழுக் கணக்கு வேண்டும். எங்கள் மன்றத்துப் பலகையில் எழுதிப் போட.

எழுதிக்கொள்ளுங்கள். 1950 ஜூன் 24 முதல் 29 வரை. மேற்கிந்தியா 326, பிறகு 6 விக்கெட்டுக்கு 425 (டிக்ளேர்). இங்கிலாந்து 151, 274. வெற்றி 326 ரன் வித்தியாசத்தில். ஆலன் ரே முதல் இன்னிங்ஸில் 106, கிளைட் வால்காட் இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 168.

ராமதீன்: 43 ஓவர், 27 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 66 ரன், 5 விக்கெட். இரண்டாவதில் 72 ஓவர், 43 மெய்டன், 86 ரன், 6 விக்கெட். வாலன்டைன்: 45–28–48–4, 71–47–79–3.

பலகையில் இடமிருந்தால் கூட்டுக் கணக்கையும் போடுங்கள். இருவரும் சேர்ந்து 231 ஓவர், அதில் 145 மெய்டன், 279 ரன், 18 விக்கெட். ஓவருக்கு ஒன்றேகால் ரன்கூட இல்லை. விக்கெட் எண்ணிக்கையைவிட இந்த மெய்டன் எண்ணிக்கைதான் அந்த ஆட்டத்தைச் சொல்கிறது. எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாதவன் மட்டையை வீச மாட்டான். கிரீஸிலேயே நின்று கடைசி நொடியில் குத்துவான். அப்படி நின்றவர்களுக்கு ரன் வரவில்லை. ரன் வராததால் இறங்கி வந்தவர்களை விக்கெட் கீப்பராகவும் நின்ற வால்காட் ஸ்டம்பைத் தட்டி (ஸ்டம்பிங்) வெளியேற்றினார். முதல் இன்னிங்ஸில் தொடக்க ஆட்டக்காரர்கள் ஹட்டன், வாஷ்புரூக் இருவருமே அப்படித்தான் போனார்கள். இரண்டாவதில் வாஷ்புரூக் 114 அடித்தார். அவரையும் ராமதீன்தான் எடுத்தார்.

இங்கிலாந்து மண்ணில் மேற்கிந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி இது. தொடரை 3–1 என்று வென்றார்கள். டெஸ்ட்டுகளில் வாலன்டைனுக்கு 33, ராமதீனுக்கு 26 விக்கெட். சுற்றுப்பயணம் முழுவதும் சேர்த்தால் ராமதீனே மேலே: 135 விக்கெட். மறு ஆண்டு விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு நூல் தேர்ந்த ஐந்து வீரர்களில் இருவர் பெயரும் இருந்தது.

மண்டபம், கல்லூரி மாணவர்: நான் ஆஃப் ஸ்பின் போடுகிறேன். ராமதீன் பந்தை எப்படிப் பிடித்தார்? டென்னிஸ் பந்தில் அது வருமா? படிப்படியாகச் சொல்லவும்.

முதலில் அவருடையதைச் சொல்லிவிடுகிறோம். சுமார் ஐந்தடி நாலங்குல உயரம். வலக்கை. ஓட்டம் குறைவு, கைச்சுழற்சி மிக வேகம். நடுவிரல் பந்தின் தையல் மேலேயே நீளவாக்கில் இருக்கும். ஆஃப் பிரேக்குக்கும் அதே பிடி, லெக் பிரேக்குக்கும் அதே பிடி. வழக்கமான லெக் ஸ்பின்னர் மணிக்கட்டை மடக்கிப் புறங்கையைக் காட்டுவார். மட்டையாளர் அதைப் பார்த்துப் படித்துவிடுவார். ராமதீன் இரண்டையும் விரலாலேயே செய்தார். படிக்க அங்கே எழுத்தே இல்லை.

இனி உங்கள் கைக்கு. தையல் உள்ள ஸ்டிச் பந்தில் தொடங்குங்கள், டென்னிஸ் பந்துக்குப் பிறகு வருவோம்.

பந்தை உள்ளங்கையில் படவிடாதீர்கள். விரல் மேல்கணுக்களில் நிற்க வேண்டும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி. நடுவிரல் தையல் மேல். சுட்டுவிரல் வலப்பக்கம் சற்று விலகி, மோதிரவிரல் இடப்பக்கம் மடங்கி. கட்டைவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ஆஃப் பிரேக்குக்கு, விடுகிற நேரத்தில் சுட்டுவிரல் பந்தின் வலப்பக்கத்தைக் கீழே இழுக்க வேண்டும். கதவுக் குமிழை வலப்பக்கம் திருகுவது மாதிரி. லெக் பிரேக்குக்கு நடுவிரலும் மோதிரவிரலும் பந்தின் இடப்பக்கத்தை வெட்டி இறங்க வேண்டும். தோள், முழங்கை, தலை மூன்றும் இரண்டு பந்துக்கும் ஒன்றேதான். வித்தியாசம் கடைசி ஒரு சாண் தூரத்தில் மட்டும்.

முதல் வாரம் ஓடவே வேண்டாம். உட்கார்ந்தபடி ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சுண்டிப் போடுங்கள், தினம் நூறு தரம். பந்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுழற்சி நேராக இருக்கிறதா, தள்ளாடுகிறதா என்று தெரியும். அடுத்து, நின்ற நிலையில் பத்து மீட்டர் தூரத்தில் நண்பரிடம் போடுங்கள். தரையில் பட்டுத் திரும்பினால் போதும், வேகம் வேண்டாம். ஆஃப் பிரேக் ஆறுக்கு ஐந்து நீங்கள் நினைத்த இடத்தில் விழும் வரை லெக் பிரேக்கைத் தொடாதீர்கள். மூன்றாவது, முழு 22 கஜத்தில் போடுங்கள். நண்பர் மட்டையில்லாமல் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று, பந்து கையை விட்டதும் "உள்ளே", "வெளியே" என்று கத்த வேண்டும். பத்துக்கு எட்டு தரம் சரியாகச் சொன்னால் நீங்கள் எங்கோ காட்டிக் கொடுக்கிறீர்கள்.

எங்கே காட்டிக் கொடுப்பீர்கள் என்றால், அநேகமாக வேகத்தில். லெக் பிரேக்குக்கு விரல் பழகாததால் கை தானாகவே மெதுவாகும். அடுத்தது தோள்: கை காதோரம் வராமல் பக்கவாட்டில் சாயும். மூன்றாவது ஆபத்தானது: முழங்கையை மடக்கி நீட்டிச் சுழற்சியைத் தேடுவது. இன்றைய விதியில் 15 பாகைக்கு மேல் நீட்டினால் எறிதல், அதாவது செல்லாத பந்து. கைபேசியில் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பாருங்கள். கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடும் வரை முழங்கை எவ்வளவு நீள்கிறது என்பதுதான் கணக்கு. தொடக்கம் முதலே சற்று மடங்கிய கை அப்படியே போனால் தப்பில்லை.

ஆட்டத்தில் விகிதம் முக்கியம். லெக் பிரேக் ஓவருக்கு ஒன்று, சில ஓவர்களில் ஒன்றுமே இல்லை. மாறி மாறிப் போட்டால் இரண்டும் கெட்டுப்போகும். ராமதீனின் அடிப்படை ஆயுதமும் ஆஃப் பிரேக்தான்.

டென்னிஸ் பந்துக்கு வருவோம். எடை 60 கிராமுக்கும் குறைவு. ஸ்டிச் பந்து ஏறக்குறைய 160. தையல் கிடையாது. பஞ்சு புதிதாக இருக்கும்வரை பிட்ச்சில் விரிக்கிற நார்ப்பாயில் நன்றாகப் பிடிக்கும், மொட்டையானதும் வழுக்கும். விரல் வேலையைக் கற்றுக்கொள்ள அது போதும், ஆனால் இலேசான பந்தில் கிடைத்த திருப்பத்தை நம்பி ஸ்டிச் பந்தில் இறங்கினால் ஏமாற்றம்தான். வாரத்தில் இரண்டு நாளாவது எடையுள்ள பந்தைத் தொடுங்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: எங்கள் மைதானத்தில் கச்சான் காற்று ஆளையே தள்ளும். ஸ்பின்னர் எந்த முனையிலிருந்து போட வேண்டும்?

வேகப்பந்து வீச்சாளர்கள் காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் எதிர்காற்றை எடுங்கள், யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். வலக்கை ஆஃப் ஸ்பின்னருக்கு மிக நல்லது, எதிரே வலப்புறத்திலிருந்து, அதாவது வலக்கை மட்டையாளரின் ஃபைன் லெக் பக்கத்திலிருந்து முகத்துக்கு வரும் காற்று. பந்து முதலில் ஸ்லிப் பக்கம் மிதந்து விலகும், விழுந்து உள்ளே திரும்பும். எதிர்காற்றில் பந்து எதிர்பார்த்ததைவிட ஓரடி முன்னால் விழும். மட்டையாளர் எட்டி அடிக்கப் பார்ப்பார், பந்து அங்கே இருக்காது.

கச்சான் மேற்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து. பிட்ச் எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்த்து, டாஸுக்கு முன்னால் ஒரு பிடி மணலை அள்ளி விட்டுப் பாருங்கள். பாம்பன் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுகிற காற்றில் டென்னிஸ் பந்தை உயரத் தூக்கிப் போடாதீர்கள். அது உங்கள் பந்தாக இருக்காது, காற்றின் பந்தாகிவிடும். தாழ்வாக, சற்று வேகமாக.

தொண்டி, இளைஞர் மன்றத்தார்: மணல் தரையில் நார்ப்பாய் விரித்து ஆடுகிறோம். பந்து ஒரு நேரம் எழும்புகிறது, ஒரு நேரம் உருள்கிறது. பாயில் ஆடுவதே தவறா?

தவறென்றால் ராமதீனும் தவறானவர்தான். டிரினிடாடின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 1954 டெஸ்ட் வரை பாயில்தான் ஆடினார்கள். புல் பிட்ச் வந்தது 1955இல் ஆஸ்திரேலியர்கள் வந்தபோது. அந்தத் தீவின் ஸ்பின்னர்களுக்குப் பாய் பள்ளிக்கூடம் மாதிரி: விரலால் கொடுத்த சுழற்சியை அது ஒளிக்காமல் திருப்பித் தரும், எனவே விரல் தைரியம் பெறும். ஆனால் 1954இல் அதே பாயில் வீக்ஸ் 206, வொரெல் 167, வால்காட் 124 என்று குவித்து மேற்கிந்தியா 8 விக்கெட்டுக்கு 681 எடுத்ததும் நடந்தது. நன்றாக இழுத்துக் கட்டிய பாய் மட்டையாளரின் சொர்க்கம்.

உங்கள் தொல்லை பாயில் இல்லை, அடியில். மணல் மேல் நேராக விரித்தால் பந்து விழுந்த இடம் அமுங்கி, அதன் வேகத்தை மணல் தின்றுவிடும். பிட்ச் அளவுக்கு ஒரு சாண் ஆழம் மணலை எடுங்கள். கீழே விரற்கடை உயரத்துக்கு நாலைந்து அடுக்காகச் சரளை போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். மேலே நாலு விரல் கனம் கண்மாய்க் களிமண், கட்டி உடைத்துச் சலித்தது. தண்ணீர் தெளித்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் உருளை ஓட்டுங்கள்.

இங்கே கடற்கரைக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, பக்கத்தில் கிடைக்கிற உப்புத் தண்ணீரைத் தெளிப்பது. உப்பு களிமண்ணின் பிடிப்பை உடைத்துவிடும். காய்ந்ததும் மேலே பொருக்கு தட்டி, நாலு ஓவரில் மாவாக உதிரும். நல்ல தண்ணீர் வண்டியில் வந்தாலும் பரவாயில்லை, அதையே ஊற்றுங்கள். ஒரு முறை செய்கிற வேலைதானே.

பாய் குறைந்தது 17.68 மீட்டர் நீளம், 1.83 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஒரு முனையை முதலில் அடித்து, மறுமுனையை நாலு பேர் இழுத்துப் பிடித்து ஆணி அடிக்க வேண்டும். பிறகு இரண்டு ஓரமும், இரண்டடிக்கு ஓர் ஆணி. தலை வெளியே துருத்தக்கூடாது. விழுந்து எழுகிற ஃபீல்டர் கையைக் கிழிக்கும், துருப்பிடித்தது வேறு.

இறுக்கத்தைக் கவனியுங்கள். விறைப்பாக இருந்தால் பந்து வேகமாக, ஒரே சீராக எழும். தொய்ந்திருந்தால் மெதுவாக வந்து தாறுமாறாகத் திரும்பும். உள்ளூர் அணியில் ஸ்பின்னர் அதிகமென்றால் ஆணியைத் தளர்த்தும் குறும்பு பழைய காலத்தில் பல நாடுகளில் இருந்தது. நாங்கள் சொன்னதாக வேண்டாம். இரவு பனியில் நனைந்து காலை வெயிலில் காய்ந்த பாய் தொய்ந்துவிடும், ஆட்டத்துக்கு முன் மறுபடி இழுத்து அடியுங்கள். மதிய இடைவேளையில் ஒரு பக்கத்து ஆணியைக் கழற்றி, காற்றில் உள்ளே புகுந்த மணலைப் பெருக்கிவிடுங்கள். ஸ்டம்பிலிருந்து மூன்று நாலு மீட்டர் தூரத்தில் அடியில் ஒரு கைப்பிடி மணல் குவிந்திருந்தால் போதும்; நீங்கள் எழுதிய எழும்பலும் உருளலும் அதுதான்.

ஏர்வாடி வாசகர்: 1957இல் இங்கிலாந்து மட்டையாளர்கள் பீட்டர் மேயும் கவுட்ரியும் ராமதீனின் கதையை முடித்துவிட்டார்கள் என்று படித்தேன். அதுவரை படிக்க முடியாத பந்து திடீரென்று எப்படிப் படிக்க முடிந்தது?

அவர்கள் படிக்கவில்லை. படிக்காமலே தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள்.

எட்ஜ்பாஸ்டன் மைதானம். முதல் இன்னிங்ஸில் ராமதீன் 31 ஓவரில் 49 ரன்னுக்கு 7 விக்கெட். அவர் வாழ்க்கையின் சிறந்த வீச்சு. இங்கிலாந்து 186க்கு முடிந்தது. காலி ஸ்மித் 161 அடிக்க, மேற்கிந்தியா 474. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 113. அங்கே சேர்ந்த மேயும் கவுட்ரியும் 524 வரை பிரியவில்லை. 411 ரன் கூட்டு. கவுட்ரி 154, மே ஆட்டமிழக்காமல் 285. இங்கிலாந்து 4 விக்கெட்டுக்கு 583.

வழி என்னவென்றால், எல்லாப் பந்தையும் ஆஃப் பிரேக் என்றே வைத்துக்கொள்வது. முன்காலை நீட்டி ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வைத்து, கால்பேடை முன்னே, மட்டையைப் பின்னே கொடுப்பது. பந்து உள்ளே திரும்பினால் கால்பேடில் படும். வெளியே திரும்பினால் மட்டையைத் தாண்டிக் கீப்பரிடம் போகும். இரண்டிலும் சேதமில்லை.

ஏன் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட்) இல்லை? அன்றைய விதியில், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்துக்கு அவுட் கொடுக்க வேண்டுமானால் அது காலில் படும் இடம் ஸ்டம்புகளின் நேர்கோட்டுக்குள் இருக்க வேண்டும். கால் வெளியே இருந்தால், மட்டையை அசைக்காமல் நின்றாலும் நடுவர் கை உயராது. அடிக்க முயலாமல் கால்பேடைக் கொடுப்பவருக்கு வெளியே பட்டாலும் அவுட் என்ற திருத்தம் 1970களில் சோதனையாகப் புழங்கி, 1980 விதித் தொகுப்பில் நிலைத்தது. ராமதீனுக்கு இருபது வருஷம் பிந்திப்போன திருத்தம். இன்றைய விதியும் இன்றைய கேமராவும் இருந்தால் அந்த 411இல் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

பழியை மே, கவுட்ரி மேல் மட்டும் போடுவதற்கில்லை. அந்த ஒரே இன்னிங்ஸில் ராமதீன் வீசியது 98 ஓவர்: 35 மெய்டன், 179 ரன், 2 விக்கெட். அதாவது 588 பந்து. ஒரு டெஸ்ட் இன்னிங்ஸில் எவரும் வீசிய அதிகபட்சம் அது. முதல் இன்னிங்ஸையும் சேர்த்து 774. அதுவும் சாதனையாகவே நிற்கிறது. இன்றைய இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு 24 பந்து. அந்தக் கணக்கில் இருபத்துநாலரை ஆட்டத்தின் வேலை ஒரே இன்னிங்ஸில். சக வீச்சாளர்கள் கில்கிறிஸ்ட்டும் வொரெலும் காயம். மறுமுனையில் அட்கின்சன் 72 ஓவர் வீசி விக்கெட் இல்லாமல் நின்றார். எல்லாம் சரி, இருந்தாலும் பலன் தராத முனையில் அதே ஆளையே வைத்துக்கொண்டிருந்தது தலைவர் காடர்டின் பிழை என்பதே எங்கள் கருத்து. களைத்த விரல் சுழற்றாது, சுழலாத பந்தில் மர்மம் ஏது?

கடைசியில் மேற்கிந்தியாவே 7 விக்கெட்டுக்கு 72 என்று தத்தளித்து டிரா செய்தது. தொடர் 0–3. ராமதீனின் விக்கெட்டுகள் அதற்குப் பிறகும் வந்தன. 1950இன் பயம் வரவில்லை.

மண்டபம் முகாம், ஒரு தாய்: என் பையனுக்குப் பதினான்கு வயது. ஸ்பின் போடுகிறேன் என்று தினமும் முப்பது ஓவர் போடுகிறான். விரல் வெடித்துவிட்டது. தோள் வலி என்கிறான். விடலாமா?

ஸ்பின்னை விட வேண்டாம், முப்பது ஓவரை விடச் சொல்லுங்கள். ஸ்பின் என்றால் தோளுக்கு வேலையில்லை என்று நினைப்பது தப்பு. ஒவ்வொரு பந்துக்கும் தோள் முழுச்சுற்று சுற்றுகிறது.

ஆறு முதல் எட்டு ஓவர், வாரத்தில் நாலு நாள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போட்டால் மூன்றாம் நாள் ஓய்வு. தோள் வலி இப்போது இருப்பதால், வலி முழுதாகப் போகும் வரை பந்து வீசவே கூடாது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ராமதீன் 98 ஓவர் போட்டாரே என்று பையன் கேட்பான். அப்போது அவருக்கு வயது 28, அப்படியும் அது அவருக்கு நல்லதாக முடியவில்லை என்று சொல்லுங்கள்.

விரல் வெடிப்பு சுட்டுவிரலின் முதல் கணுவில் உள்பக்கமா? அப்படியென்றால் பிடி இறுக்கம். புண் ஆறும் வரை டென்னிஸ் பந்தும் வேண்டாம். கடல் தண்ணீரில் கை வைத்துவிட்டு அப்படியே பந்து பிடிக்கக் கூடாது; உப்பு காய்ந்த தோல் மறுபடி பிளக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, இரவில் தேங்காய் எண்ணெய் தடவட்டும்.

சாயல்குடி வாசகர்: மட்டை பிடிக்கத் தெரியுமா அவருக்கு?

டெஸ்ட்டில் அதிகபட்சம் 44. சராசரி 8.20. வேறு கேளுங்கள்.

திருப்பாலைக்குடி வாசகர்: ராமதீன் களத்தில் கலங்கிப் போன ஆட்டம் ஒன்று உண்டாமே?

மெல்போர்ன், 1951 டிசம்பர் 31இல் தொடங்கிய டெஸ்ட். ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 260. 9 விக்கெட்டுக்கு 222. கடைசி ஜோடி டக் ரிங்கும் பில் ஜான்ஸ்டனும் 38 ரன் சேர்த்து ஜெயித்துவிட்டார்கள். கையில் வந்த மீன் வலையோடு நழுவிய கதை. ஒன்பது வருஷம் கழித்து, 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் டெஸ்ட் வரலாற்றின் முதல் "டை" நடந்தபோதும் ராமதீன் அணியில் இருந்தார். அடுத்த மெல்போர்ன் டெஸ்ட்டே அவருக்குக் கடைசி. அவர் இடத்துக்கு இன்னோர் ஆஃப் ஸ்பின்னர் லான்ஸ் கிப்ஸ் வந்துவிட்டார்.

உச்சிப்புளி வாசகர்: மொத்தக் கணக்கும், பிற்கால வாழ்க்கையும்?

43 டெஸ்ட், 158 விக்கெட், சராசரி 28.98. இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் பத்து முறை. ஆட்டத்தில் பத்து விக்கெட் ஒரே முறை, அந்த லார்ட்ஸ். முதல்தர ஆட்டங்களில் 758 விக்கெட், சராசரி 20.24.

இங்கிலாந்தின் வடக்கே லீக் ஆட்டங்களில் பல ஆண்டு ஆடினார். 1964, 65இல் லங்காஷயர் கவுண்டி அணிக்கும் ஆடினார். அந்தப் பக்கமே குடியிருந்து மதுக்கூடம் நடத்தினார். மருமகன் வில்லி ஹாக், பேரன் கைல் ஹாக் இருவரும் லங்காஷயருக்கு வேகப்பந்து வீசியவர்கள். விரல் வித்தை குடும்பத்தில் இறங்கவில்லை. 2022 பிப்ரவரியில் 92 வயதில் காலமானார். 1950 லார்ட்ஸ் அணியில் அதுவரை உயிரோடு இருந்தவர் அவர் ஒருவரே.

வாலிநோக்கம் வாசகர்: படத்தில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருக்கிறாரே, தலையில் தொப்பி வேறு. நாங்களும் அப்படிப் போட்டால் மட்டையாளருக்குக் கை தெரியாதா?

வெள்ளைச் சட்டைக் கை வேகமாகச் சுற்றும்போது மணிக்கட்டு அதில் கரைந்துபோகும் என்பது உண்மை. ஆனால் அவருடைய கைவேகம் இருந்தால்தான் கரையும். மெதுவாகச் சுற்றினால் சட்டை மட்டும் நனையும். அதிலும் வாலிநோக்கத்துப் புழுக்கத்தில் மூன்றாவது ஓவரிலேயே வேர்வை கை வழியே வழிந்து விரலுக்கு வந்துவிடும், பந்து வழுக்கும். போடுவதென்றால் இடுப்பில் ஒரு துண்டு செருகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்துக்கு முன்னும் விரலைத் துடையுங்கள். மணலில் கையைத் தேய்க்காதீர்கள். ஒட்டிய மணல் பந்துக்குப் போகும், நடுவர் கேள்வி கேட்பார்.